வெறுங்கை ஓட்டம்

“எடை சைபர் காட்டணும் ஃபிட்டரே! பன்னெண்டு நாளா பூட்டிப் போட்ட மெஷின், கையில ஒரு துரும்பு கிடையாது, அப்போ…”

“அதைத்தானே நானும் சொல்றேன் மேடம், சென்சார் கெட்டுப்…”

“என்னைப் பேச விடுங்களேன்!”

“விட்டா நீங்க நிறுத்தினாத்தானே? சென்சார் கெட்டா எதை வேணும்னாலும் காட்டும். ஒண்ணு காட்டும், ஆயிரம் காட்டும், எங்க மாமியார் வெயிட்டைக்கூடக் காட்டும்.”

“பன்னெண்டு நாளும் ஒரே எண்ணைக் காட்டுமா? நேத்து நாப்பத்தொண்ணு. முந்தாநாள் நாப்பத்தொண்ணு. இதோ, இப்பவும் நாப்பத்தொண்ணு!”

ஃபிட்டர் எண்ணெய்த் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். விரல்களில் எண்ணெய் ஒன்றும் இல்லை. பகல் இரண்டரை மணி. ஆனால் முதியோர் இல்லத்தின் அடித்தளத்தில் இருக்கும் அந்த அறைக்குப் பகலும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. தலைக்கு மேலே குழாய்களில் யாரோ குளித்த தண்ணீர் சலசலத்து இறங்கியது. அடுத்த அறையில் சலவை இயந்திரத்தின் டிரம் ஈரப் போர்வைகளைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. பிளீச்சிங் வாடையும் கிரீஸ் வாடையும் ஒன்றாய்க் கலந்து தொண்டையில் ஒரு படலமாக ஒட்டியது.

நாற்பத்தொன்று யாருடைய எடை என்று தணிக்கைக்காரிக்குத் தெரியும். அவளுடைய அக்காவைப் பதினாலாம் அறையில் சேர்த்த அன்று அட்டையில் எழுதிய எடை அது. ஃபிட்டரிடம் அதை அவள் சொல்லவில்லை.

அறை நடுவில் நாலாம் நம்பர் நின்றது. அங்கே எல்லாரும் அதற்கு வைத்த பெயர் ‘தூக்கி’. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை எடுத்துக் குளியலறைக்கும் நாற்காலிக்கும் ஜன்னலோரத்துக்கும் கொண்டு போய் விடுகிற இயந்திரம். முகம் கிடையாது. வெள்ளை உடம்பு, கீழே ரப்பர் சக்கரங்கள், முன்னால் நீட்டிய இரண்டு கைகள், கைகளுக்கு நடுவே தொட்டில் மாதிரி ஒரு கித்தான் துணி. முதுகில் கருப்புப் பெட்டி. தூக்கி எத்தனை மணிக்கு, எந்த அறையில், எத்தனை கிலோவை, யார் சொல்லித் தூக்கியது என்பதெல்லாம், பேசிய குரல் உட்பட, பெட்டியில் பதிவாகும். பன்னிரண்டு நாள் நிற்கும். அதற்குப் பிறகு பெட்டி பழையதின் மேலேயே புதியதை எழுதிக்கொள்ளும். தூக்கி சும்மா நின்றாலும் பெட்டி எழுதுவதை நிறுத்தாது.

அந்தப் பதிவை மாதம் ஒருமுறை சரிபார்ப்பதுதான் அவளுக்கு வேலை. தூக்கியைக் கீழே கொண்டுவந்து, அது செய்த ஒரு நாள் வேலையை ஆளில்லாமல் மறுபடி செய்ய வைக்க வேண்டும். வெறுங்கை ஓட்டம் என்பார்கள். ஃபிட்டர் சுவரோரம் மெயின் சுவிட்ச் பக்கத்தில் நிற்பார். அவள் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். கை எங்கே போகிறது, எங்கே திறக்கிறது, ஓரங்குலம் தப்பினாலும் கண்ணில் பட்டுவிடும். பார்த்து முடித்ததும் பதிவேட்டில் ‘ஓட்டிப் பார்த்தேன்’ என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தூக்கிக்கு நாற்பது நிமிஷம். மொத்தம் பன்னிரண்டு தூக்கி.

முதல் மாதம் பன்னிரண்டையும் ஓட்டினார்கள். அடுத்த மாதம் ஐந்து. அதற்கப்புறம் இருபது மாதமாக ஒன்றுகூட இல்லை. “ஒரு குறை வந்திருக்கா சொல்லுங்க மேடம்? எல்லாம் கிளி மாதிரி வேலை செய்யுது,” என்பார் ஃபிட்டர். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடி பன்னிரண்டு வரி எழுதுவார்கள், இருபத்திநாலு கையெழுத்துப் போடுவார்கள், பிஸ்கட் தூளைப் பதிவேட்டிலிருந்து தட்டிவிட்டு எழுந்து போவார்கள்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், இதே பெஞ்சில், அவள் எழுதியது: நாலாம் நம்பர், மாலை மூன்று முதல் மூன்று நாற்பது வரை, அடித்தளம், ஓட்டிப் பார்த்தேன்.

அந்த மூன்று பத்துக்கு நாலாம் நம்பர் இரண்டு மாடிக்கு மேலே பதினாலாம் அறையில் இருந்தது. மூன்று இருபத்தைந்துக்கு அக்காவை ஜன்னலுக்கடியில் தரையில் பார்த்தார்கள். மேலாளர் பதிவேட்டைப் புரட்டினார். தூக்கி அந்த நேரம் கீழே தணிக்கையில் இருந்திருக்கிறது, இரண்டு கையெழுத்து இருக்கிறது, ஆகவே இயந்திரத்துக்கு இதில் சம்பந்தமில்லை, பாட்டியம்மா தானே எழுந்து நடக்கப் பார்த்திருக்கிறார் என்று எழுதி முடித்துவிட்டார். இரண்டு வருஷமாய் இடது பக்கம் அசையாதவள் தானே எழுந்து ஜன்னல் வரை நடந்தாளாம். தணிக்கைக்காரி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? ஒன்றும் இல்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே ஃபிட்டர் நாலாம் நம்பரைக் கீழே இறக்கிப் பூட்டினார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

“இன்னிக்கு மூணு பத்துக்கு அந்த நேரம் அழிஞ்சிடும்,” என்றாள் அவள். “அதுக்குள்ள அந்த நேரத்தை மட்டுமாவது ஓட்டிக் கையெழுத்துப் போட்டாத்தான் பெட்டி நகல் தரும். ஓட்டுங்க.”

“அழியட்டும் மேடம். நாப்பது நிமிஷம் பேசாம உட்கார்ந்தா போதும், தானா அழியப் போகுது. அதைத் தோண்டி எடுத்து என்ன பண்ணப் போறோம்? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு.”

“எனக்கு ஒரு அக்கா இருந்தா.”

“போனவங்க போயிட்டாங்க. நாம உள்ள போகணுமா?”

“மேலே இன்னும் பதினொரு தூக்கி ஓடுது ஃபிட்டரே. இப்போ, இந்த நிமிஷம். நாம ஒண்ணையாவது பார்த்தோமா?”

அவர் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சண்டை தொடங்கியதிலிருந்தே அவர் எடை காட்டும் திரையின் ஓரத்தை முதுகால் மறைத்துக்கொண்டுதான் நிற்கிறார். அவள் ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் அவரும் அந்தப் பக்கம் சாய்கிறார்.

“தள்ளுங்க.”

“வேண்டாம் மேடம்.”

தள்ளிவிட்டுப் பார்த்தாள். நாற்பத்தொன்றுக்குப் பின்னால் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் ஓர் எண். அதை இதுவரை அவள் கவனித்ததில்லை. 41.2 என்றது. மெல்ல 41.0 ஆயிற்று. மறுபடி 41.2. மறுபடி 41.0. அவசரமே இல்லாமல், ஒரே சீராக.

முதல் மாதம் இதே ஃபிட்டர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது: மூட்டையைத் தூக்கினால் எண் அப்படியே நிற்கும் மேடம், மனுஷரைத் தூக்கினால் எண் ஆடும், மூச்சு விடுறாங்க இல்ல.

“எப்பலேர்ந்து ஆடுது?” என்று கேட்டாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

“பூட்டின ராத்திரியிலேர்ந்து.”

“சொல்லவே இல்லையே.”

“என்னன்னு சொல்லச் சொல்றீங்க?”

சலவை டிரம் நின்றது. அது நின்ற பிறகுதான், அது இத்தனை நேரம் எவ்வளவு சத்தத்தை மூடி வைத்திருந்தது என்று தெரிந்தது. குழாயில் சொட்டுகிற ஒலி. ஃபிட்டரின் கைக்கடிகாரம். கித்தான் துணியிலிருந்து, நார்க் கட்டிலில் யாரோ புரண்டு படுத்த மாதிரி, ஒரு சின்ன முறுக்கல்.

“ஓட்டுங்க,” என்றாள்.

அவர் ஓட்டினார். அவளுக்காக இல்லை, சும்மா நிற்பது அதைவிட மோசமாக இருந்ததால்தான் என்று பின்னால் யோசித்திருப்பாள், யோசிக்க நேரம் இருந்திருந்தால். பெட்டியில் அந்த நாளைத் தேடி, மூன்று இரண்டிலிருந்து பதினெட்டு நிமிஷம் என்று அழுத்திவிட்டு, வேகமாய்ப் போய் மெயின் சுவிட்சைப் பிடித்துக்கொண்டார். அவள் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பது. திரை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ‘பதிவு’, வலது பக்கம் ‘இப்போது’. வெறுங்கை ஓட்டத்தில் வலது பக்கம் கடைசி வரை சைபர்தான் காட்ட வேண்டும்.

பச்சை விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது.

“மாப்பிள்ளை! எங்கே போயிட்டீங்க மாப்பிள்ளை?”

அக்கா. தூக்கியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை எவனும் என்னை இவ்வளவு பதமாத் தூக்கினதில்லைடி என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டதால் சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் வரும்.

“ஜன்னலுக்கு விடுங்க மாப்பிள்ளை. மூணு மணிக்கு வர்றேன்னா சின்னவ. இன்னும் காணோம். ரோட்டுல வர்றாளான்னு பார்ப்போம்.”

சின்னவள் கண்ணை மூடித் திறந்தாள். ரோட்டில் எப்படித் தெரிவாள்? அவள் முன்னமே வந்துவிட்டாளே. இரண்டு மாடிக்குக் கீழே, இதே பெஞ்சில், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டு.

தூக்கி குனிந்தது. அங்கே இல்லாத ஒரு கட்டிலுக்கு மேலே கைகளைத் தாழ்த்தி, இல்லாத ஒரு முதுகுக்கு அடியில் துணியைப் பக்குவமாக நுழைத்தது.

“பிடிச்சிட்டியாடி? விடவா?”

இந்தக் கேள்வியும் அவளுக்குப் பழக்கம். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட நாட்களில், தூக்குகிற ஒவ்வொரு தடவையும் அக்கா கட்டில் கம்பியை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்பாள். பதில் வந்தால்தான் கம்பியை விடுவாள். இல்லத்தில் சேர்த்தபோது, இவள் சொன்னால்தான் அக்கா நம்புவாள் என்பதால், தூக்கிக்கு இவள் குரலையே பதிவு செய்துகொண்டார்கள். மூன்று தடவை சொல்ல வைத்தார்கள். “இன்னும் கொஞ்சம் பாசமா சொல்லுங்கம்மா,” என்றாள் பதிவு செய்த பெண்.

“பிடிச்சிட்டேன் அக்கா, விடு,” என்றது நாலாம் நம்பர், அவள் குரலில், கொஞ்சம் பாசமாக.

கைகள் உயர்ந்தன. வெறும் துணி காற்றில் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை. துணி நடுவில் தொங்கியது. பாரமாய்த் தொங்கியது. ஓரங்கள் விறைத்து நின்றன, நடுவில் ஒரு குழி, அந்தக் குழிக்கு ஓர் உருவம் இருந்தது. இந்தப் பக்கம் தோள். அங்கே இடுப்பு. மடங்கியே கிடக்கும் இடது முழங்கால்.

பதிவு 41. இப்போது 41.

“மேடம்,” என்றார் ஃபிட்டர் சுவரோரத்திலிருந்து.

“பேசாதீங்க.”

தூக்கி நகர்ந்தது. ரப்பர் சக்கரங்கள் சிமெண்டுத் தரையில் ஈரமாய் ஒட்டி ஒட்டி எடுத்தன. ஆறடி தூரம். இல்லாத ஜன்னல். இல்லாத நாற்காலி. அதன் முன்னால் நின்றது. திரையில் பதிவுப் பக்கம் ஒரு வரி சிவப்பாக வந்தது: இடது கை திறப்பு, ஒரு முழம் முன்னதாக. அதற்குக் கீழே: பதிவு 0.

ஒலிபெருக்கியில் ஏதோ விழுவது கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. அரிசிப் பையைக் கீழே போட்டாற்போல.

“ஒரு முழம்,” என்றார் ஃபிட்டர். “ஒரு நாள்ல வர்ற கோளாறு இல்ல இது. கொஞ்சம் கொஞ்சமா… மாசக்கணக்கா… ஒரு தடவை ஓட்டியிருந்தாலே தெரிஞ்சிருக்கும்.” அழ ஆரம்பித்துவிட்டார்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதை இல்லை. ஒலிபெருக்கியை. தரையிலிருந்து அக்காவின் குரல் வந்தது, மெலிந்து, மூச்சுக்கு நடுவில்.

“பிடிடி… சின்னவளே… பிடிச்சிட்டியா?”

“பிடிச்சிட்டேன் அக்கா, விடு.”

“வலிக்குதுடி. எங்கே இருக்கே?”

“பிடிச்சிட்டேன் அக்கா, விடு.”

“சின்னவளே.”

“பிடிச்சிட்டேன் அக்கா, விடு.”

எத்தனை தடவை? அவள் முழுக்க எண்ணவில்லை. எண்ணியவரைக்கும் பதினேழு. ஒவ்வொரு தடவையும் அதே பாசம், ஒரு சொட்டுக் குறையாமல். பிறகு கேள்வி நின்றது. கேள்வி நின்றதால் பதிலும் நின்றது.

அதற்கப்புறம்தான் அவள் தூக்கியின் கைகளைப் பார்த்தாள்.

பதிவில் இடது கை திறந்துவிட்டது. ஆனால் இங்கே திறக்கவில்லை. துணியின் குழி அப்படியே இருந்தது. பதிவு 0. இப்போது 41.2.

41.0.

41.2.

“நிறுத்திடலாமா மேடம்?”

“பதினெட்டு நிமிஷமும் முழுக்க ஓடணும். நடுவுல நிறுத்தினா நகல் வராது.”

“மேடம், அது திரும்புது.”

திரும்பியது. பதிவில் தூக்கி அந்த ஜன்னலோரத்தில்தான் கடைசி வரை நின்றது. இங்கே சக்கரங்கள் மெல்ல வட்டம் அடித்தன. கைகள் சுவரைக் கடந்தன. கதவைக் கடந்தன. அவளுக்கு நேராக வந்து நின்றன.

பிறகு முன்னால் வந்தது.

மெதுவாக. தூங்குகிற குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி. துணியின் ஓரத்திலிருந்து எதுவோ தொங்கவேண்டிய இடத்தில் ஒன்றும் தொங்கவில்லை, ஆனாலும் அந்த இடம் ஆடியது. மருந்துத் தைல வாடை. அக்காவின் இடது காலுக்கு இவள் தினமும் தேய்த்த தைலம். பிளீச்சிங் வாடையைத் தள்ளிக்கொண்டு அது வந்தது.

மஞ்சள் கோடு. சக்கரம் கோட்டைத் தொட்டது. எந்தத் தூக்கியும் தாண்டாத கோடு.

தாண்டியது.

“ஃபிட்டரே!”

அவர் சுவிட்சை இழுத்தார். டப்பென்று எல்லாம் போனது. விளக்கு, திரை, பச்சைப் பொட்டு. இருட்டு. அவர் கதவில் மோதுவதும், கதவு திறப்பதும், படிகளில் அவர் செருப்பு தடதடவென்று மேலே ஏறுவதும் கேட்டது. பிறகு கேட்கவில்லை. திறந்த கதவு வழியாகப் படிக்கட்டு வெளிச்சம் ஒரு பட்டையாய் உள்ளே விழுந்தது.

ஓட்டம் பாதியில் நின்றுவிட்டது. நகல் கிடையாது. பெட்டிக்கு மட்டும் தனி பேட்டரி. அதன் சிவப்புப் புள்ளி, தூக்கியின் முதுகில், எழுதிக்கொண்டே இருந்தது. சுவர்க் கடிகாரம் மூன்று ஒன்பதைத் தாண்டியிருந்தது.

அவள் பின்னால் நகர்ந்தாள். சுவர். குளிர்ந்த சுவர்.

வெளிச்சப் பட்டையில் இரண்டு கைகள். அவள் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால். மின்சாரம் இல்லாத, செத்த கைகள். நடுவில் துணி. குழி. குழி ஏறியது. இறங்கியது.

ஏறியது.

இடது கையின் மூட்டில் ஒரு சின்னச் சத்தம். நெகிழ்கிற சத்தம். விரல் அளவு திறந்தது. இன்னும் ஒரு விரல் அளவு. துணி அந்தப் பக்கமாகச் சரியத் தொடங்கியது.

கையை நீட்ட வேண்டும். நீட்டினாள். இல்லை, நீட்ட நினைத்தாள். சொல்லவாவது வேண்டும். இரண்டே வார்த்தை. எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மூன்று பத்து. பெட்டி ஒரு தடவை சொடுக்கியது. அந்தப் பகல் அதில் இல்லாமல் போனது.

ஒலிபெருக்கியில் மின்சாரம் இல்லை. குரல் துணியிலிருந்து வந்தது, வெகு அருகில், ஒரு பக்கமாய்க் கோணிய வாயிலிருந்து வருகிற மாதிரி.

“பிடிச்சிட்டியாடி, சின்னவளே? விடவா?”